ஓணம் சீசனுக்கு லேபிள் பிரிண்டர் வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே குத்தாம்புள்ளி கைத்தறிச் சேலையும் செட்டுமுண்டும் விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். சாதாரண நாளில் ஐந்தாறு பார்சல், ஓணத்துக்கு முந்தின மூன்று வாரம் தினமும் நாற்பது, ஐம்பது. நானும் நாத்தனாரும் ராத்திரி உட்கார்ந்து எல்லா முகவரியையும் கையால் எழுதுகிறோம். போன வருஷம் தேனிப் பக்கத்துக் கூடலூருக்குப் போக வேண்டிய சேலை நீலகிரிக் கூடலூர் போய்த் திரும்பி வந்தது. வீட்டில் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. மை இல்லாமல் சூட்டாலேயே லேபிள் அடிக்கும் தெர்மல் பிரிண்டர் வாங்கு என்கிறார்கள். வாங்கட்டுமா சார்?

பதில்: இந்த ஓணத்துக்கு வாங்க வேண்டாம். உங்கள் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது பிரிண்டர் இல்லாதது அல்ல. வாட்ஸ்அப்பில் சிதறிக் கிடக்கும் முகவரிகளைத் தேடித் தேடி எடுத்து எழுதுவதுதான். பன்னிரண்டாயிரம் ரூபாய் மிஷின் வாங்கி வைத்தாலும் அந்த முகவரிகளை யாராவது டைப் அடித்தாக வேண்டும். அந்த வேலையை வாங்குகிறவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து, பணம் வந்ததும் அந்த லிங்கை அனுப்புங்கள். பெயர், வீட்டு எண்ணும் தெருவும், ஊர், மாவட்டம், பின்கோடு, கைபேசி எண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். முகவரி முழுவதையும் ஒரே கட்டத்தில் கேட்டால் பாதிப் பேர் பின்கோடை விட்டுவிடுவார்கள். பின்கோடு கட்டத்தில் 100000 முதல் 999999 வரையிலான எண்ணை மட்டும் ஏற்கும்படி வைக்கலாம். அப்போது ஐந்து இலக்கம் போட்டுவிட்டு யாரும் நகர முடியாது. கேட்டது எல்லாம் ஒரு ஷீட்டில் வரிசையாக வந்து விழும். ஃபார்ம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் நீங்கள் நிரப்புங்கள்.

மாவட்டமும் பின்கோடும் கட்டாயம் வேண்டும் என்பது உங்கள் கூடலூர்ச் சேலையிலேயே தெரிகிறது. தேனி கூடலூரின் பின்கோடு 625-இல் தொடங்கும், நீலகிரிக் கூடலூர் 643-இல். உங்கள் பக்கத்துப் பாலக்காட்டுச் சித்தூர் 678, ஆந்திரா சித்தூர் 517. பார்சலைப் பிரிக்கிற இடத்தில் முதல் மூன்று இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே லேபிளில் மற்ற எழுத்தைவிடப் பின்கோடு பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும்.

அந்த ஷீட்டை எக்செல்லில் இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் கைபேசி எண்ணை 91 சேர்த்துப் போடுவார்கள். பன்னிரண்டு இலக்கம் ஆனதும் எக்செல் அதை 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும், லேபிளிலும் அப்படியே வந்துவிடலாம். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை.

இனி அச்சிடுவது. கடையில் ஏ4 ஸ்டிக்கர் ஷீட் கேளுங்கள், ஒரு தாளில் எட்டு லேபிள் இருப்பது. ஒவ்வொன்றும் சுமார் 99-க்கு 68 மில்லிமீட்டர்; அனுப்புநர், பெறுநர் இரண்டும் தாராளமாக அடங்கும். ஐம்பது பார்சலுக்கு ஏழு தாள் போதும். வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ என்ற பகுதிக்குள் போய் லேபிள் அளவைச் சொல்லி, உங்கள் முகவரி ஷீட்டை இணைத்தால் எல்லா முகவரியும் தானாக அந்தந்தக் கட்டத்தில் உட்காரும். இலவசமான லிப்ரே ஆபிஸிலும் இது முடியும். முதல் முறை அரை நாள் பிடிக்கலாம், அடுத்த நாளிலிருந்து பத்து நிமிஷ வேலை.

அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் தாள் சற்றே சுருங்கி, கீழ் வரிசைக்கு வரும்போது முகவரி பக்கத்து லேபிளில் ஏறிவிடும். முதலில் வெறும் தாளில் ஒன்று எடுத்து, ஸ்டிக்கர் தாளின்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கோடுகள் பொருந்தினால் மேலே போகலாம்.

வீட்டு இங்க்ஜெட்டைவிடப் பக்கத்து ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டர்தான் உங்களுக்கு நல்லது. ஓணம் சமயத்தில் உங்கள் பக்கம் மழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையும்; லேசர் எழுத்து கரையாது. கோப்பை பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைக் கணினியில் எழுத்துரு மாறிக் கட்டம் நகரும். நாலு லேபிள் உரித்த தாளை மறுபடி லேசரில் விடக் கூடாது. பசை உள்ளே ஒட்டிக்கொண்டால் கடைக்காரருக்குப் பெரிய செலவு. ஐந்தாறு பார்சல் உள்ள நாளில் மீதிக் கட்டங்களில் உங்கள் அனுப்புநர் முகவரியை அடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தேவைப்படும்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் அஞ்சலகத்தில் அவர்கள் பார்கோடு ஒட்டுவார்கள். பார்சலின் முகப்பில் அதற்கு இடம் விட்டு உங்கள் லேபிளை ஒட்டுங்கள். நிறைய பேர் நட்ட நடுவில் ஒட்டிவிட்டு, பெறுநர் கைபேசி எண்ணின் மேலேயே பார்கோடு வந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள்.

தெர்மல் பிரிண்டர் எப்போது வாங்கலாம்? சீசன் இல்லாத நாளிலும் பதினைந்து, இருபது பார்சல் போகிறபோது. அல்லது அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ என்று இறங்கி, ஆர்டருக்கு ஒன்றாகப் பார்கோடு லேபிள் எடுக்க வேண்டி வரும்போது. நான்கு அங்குல அகலம் அடிக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். சுமார் 6,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கும். விலை குறைவு என்று 58 மில்லிமீட்டர் பில் பிரிண்டரை எடுத்துவிடாதீர்கள். ஒரு லேபிள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியைக் கண்டுபிடிக்கும் சென்சார் அவற்றில் பொதுவாக இருப்பதில்லை. சில பிரிண்டர்கள் சிப் வைத்த சொந்தக் கம்பெனி ரோலை மட்டுமே ஏற்கும். எந்த ரோல் போட்டாலும் ஓடுமா என்று கேட்டு, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நகரியில் விசைத்தறி லுங்கி, துண்டு ஆன்லைனில் விற்கிறோம். தெர்மல் பிரிண்டர் இருக்கிறது. சில லேபிள் மங்கிவிட்டது, ஸ்கேன் ஆகவில்லை என்று கூரியர் தம்பி திருப்பிக் கொடுக்கிறார். மழைக்காக மேலே செலோடேப் கூட ஒட்டித்தான் அனுப்புகிறோம்.

பதில்: அந்த செலோடேப்தான் முதல் சந்தேகம். தெர்மல் லேபிளில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. டேப்பின் பசையில் உள்ள பொருள்கள் அந்தப் பூச்சைக் கெடுத்து எழுத்தை மங்கச் செய்யும். டேப் பளபளப்பதால் ஸ்கேனருக்கும் சிரமம். லேபிளின் ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள், பார்கோடின்மேல் வேண்டவே வேண்டாம். வெயிலும் எண்ணெயும்கூட இந்தத் தாளுக்கு ஆகாது. சிப்ஸ், ஊறுகாய் விற்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மேல்பூச்சு போட்ட ரோல் என்று கேட்டு வாங்கினால் தண்ணீரையும் எண்ணெயையும் ஓரளவு தாங்கும்.

டேப் இல்லாத லேபிளும் வெளிறி இருந்தால் பிரிண்டர் செட்டிங்கில் எழுத்தின் கறுப்பைக் கூட்டும் ‘டென்சிட்டி’யை ஒரு படி ஏற்றுங்கள். நீளவாக்கில் வெள்ளைக் கோடு ஒன்று தொடர்ந்து விழுந்தால், சூடேறி எழுத்தைப் பதிக்கும் ஹெட்டில் அழுக்கு. பிரிண்டரை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அதற்கும் கோடு போகவில்லை என்றால் ஹெட்டே பழுது.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். விற்பனைத் தளத்திலிருந்து ஏ4 பி.டி.எஃப்.பில் லேபிளும் பில்லும் சேர்ந்து வருவதை வெட்டித் தருகிறோம் என்று பல இணையதளங்கள் இருக்கின்றன. அந்தக் கோப்பில் உங்களை நம்பி வாங்கியவர்களின் பெயர், வீட்டு முகவரி, சில நேரம் கைபேசி எண்ணும் இருக்கும். முகம் தெரியாத தளத்தில் அதை ஏற்றாதீர்கள். அடோபி ரீடரில் ‘டேக் எ ஸ்நாப்ஷாட்’ மூலம் லேபிள் பகுதியை மட்டும் தேர்ந்து உங்கள் கணினியிலேயே அச்சிடலாம். விற்பனைத் தளத்தின் செட்டிங்கில் தெர்மல் அளவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் சுலபம்.

கேள்வி: குமுளியில் ஏலக்காய் விற்கிறேன். 500 லேபிள் என்று போட்ட ரோலில் குறைவாக இருப்பதாகத் தோன்றுகிறது. உட்கார்ந்து எண்ணவா முடியும்?

பதில்: ஏலக்காய் நிறுக்கிற தராசு உங்களிடமே இருக்கிறதே. பத்து லேபிளை அடித்தாளோடு வெட்டி நிறுங்கள். புது ரோலை நிறுத்து, தீர்ந்த ரோலின் அட்டைக் குழாய் எடையைக் கழியுங்கள். மீதியைப் பத்து லேபிளின் எடையால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் எண்ணிக்கை ஏறக்குறைய வந்துவிடும். பெரிய குறைவு தெரிந்தால், உறை பிரிக்காத அடுத்த ரோலை வீடியோ எடுத்தபடி பிரித்து நிறுங்கள். உறையில் அச்சிட்ட எண்ணிக்கையும் தயாரிப்பாளர் முகவரியும் வீடியோவில் தெரிய வேண்டும். அதை விற்றவருக்கு அனுப்பி மாற்று ரோல் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.