முதல் படத்தைக் கொண்டாடிய மகள் இரண்டாவதை மறைக்கிறாள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. திரைப்படப் படிப்பின் முதல் ஆண்டில் எடுத்த குறும்படத்தை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிய மகள், இரண்டாம் ஆண்டுப் படத்தை உங்களிடம்கூடக் காட்டவில்லை. ‘எனக்குப் படமெடுக்க வராது’ என்கிறாள். படிப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். அவளே சம்மதித்து அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் படத்தில் அக்காவும் தம்பியும் பேசுகிறார்கள். அக்கா திரையில் இருக்கும்வரை மின்விசிறி இரைகிறது. தம்பியின் ஷாட் வந்ததும் இரைச்சல் பட்டென்று அறுந்துவிடுகிறது. மறுபடி அக்கா, மறுபடி இரைச்சல். இரண்டாவது படத்திலும் இருவர் பேசும் காட்சி உண்டு. ஷாட் எங்கே மாறுகிறது என்று என் காதுக்குப் பிடிபடவே இல்லை. யாரும் பேசாத அறையின் வெறும் ஒலியைத் தனியாகப் பதிவு செய்து, உரையாடலுக்கு அடியில் ஒரு விரிப்பைப்போல் போட்டிருக்கிறாள். ஒருவர் பேசி முடிக்கும் முன்பே கேட்பவரின் முகத்துக்குப் போய்விடுகிறாள். குரல் மட்டும் தொடர்கிறது. இது தற்செயலாக அமையாது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

குறையும் இருக்கிறது. ஓரிடத்தில், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தெரிகிறார்கள். பேசும் இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு உண்டு. கேமரா அதன் ஒரே பக்கத்தில், 180 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தாண்டியிருக்கிறாள். தொலைபேசியில் பேசும்போது இதைச் சொல்லத் தொடங்கினேன். ‘மூன்றாவது ஷாட்தானே?’ என்று நான் முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள். மின்விசிறி இரைந்ததே, அது அன்று அவள் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் காட்ட முடிந்தது. இன்று ஒவ்வொரு பிழையும் அவளுக்குத் தெரிகிறது, வலிக்கிறது. அந்த வலியைத்தான் திறமையில்லை என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

விலை கூடிய கேமரா வாங்கித் தந்தால் தெம்பு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது தேவையில்லை. 1919இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் பிலிமுக்கே பஞ்சம். அங்கே கற்பித்த லெவ் குலெஷோவ், பிலிம் இல்லாமலேயே மாணவர்களைக் காட்சிகளை நடித்துப் பழக வைத்தார். ஒரே நடிகரின் முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், இன்னொரு முறை சவப்பெட்டியோடும் அவர் ஒட்டிக் காட்டிய சோதனையை இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். முகம் மாறவில்லை, பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்களாம். உங்கள் மகள் வளர்ந்துகொண்டிருப்பதும் இப்படி ஷாட்டுகளை ஒட்டி இணைக்கும் தொகுப்பு மேசையில்தான். கையில் இருக்கும் கருவி போதும்.

அடுத்த ஆண்டு சிறப்புப் பாடம் எடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஒலி அல்லது படத்தொகுப்பை எடுக்கச் சொல்லுங்கள். இயக்குநர் கனவை விடச் சொல்லவில்லை. திறமை எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளராது. அவளுக்குக் காது முந்திக்கொண்டது. உரையாடல் ஒலியைச் சீர்செய்யத் தெரிந்தவருக்குத் திரைப்படம், தொடர், ஆவணப்படம், விளம்பரம் என்று பல இடங்களில் வேலை உண்டு. அந்த வருமானத்தில் நின்றுகொண்டு தன் படத்தை அவள் எடுக்கலாம். வேலை கேட்டுப் போகும்போது முழுப் படத்தையும் காட்ட வேண்டியதில்லை. அந்த உரையாடல் காட்சியை, ஒலியைச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் என இரண்டு வடிவங்களில் வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் நீங்கள் ‘படம் நன்றாக வந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த ஷாட்டை எடுத்துவிட்டு வேண்டாமென்று நீக்கினாய்?’ என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேசுவாள். இன்னொன்று: வெட்கத்தில் முதல் படத்தை அவள் அழித்துவிடக்கூடும். இன்றைக்கே அதை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.