நாற்காலியின் உயரத்தை அளந்தீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. ஐந்தடி உயரம், 68 கிலோ எடை. இடது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதால் மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பின்பக்கமாகத் திறந்து செய்யப்போவதாக டாக்டர் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரைதான், ஊசி இல்லை. இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. வாசலில் மூன்று படி, இந்தியன் டாய்லெட். அம்மா தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார், கோலம் போடுவார், பாயில்தான் படுப்பார். வீட்டில் என்னென்ன மாற்றவேண்டும்? அம்மா மறுபடி தரையில் உட்காரலாமா?
ஒரு மகள், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி தரையைப் பற்றியே இருக்கிறது. கவலைப்படவேண்டிய இடமும் அதுதான். அறுவை சிகிச்சை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மூன்று மாதம் அம்மா எவ்வளவு தாழ்வாக உட்காரப்போகிறார் என்பதை உங்கள் வீட்டுச் சாமான்கள்தான் முடிவு செய்யும்.

காரணம் இதுதான். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. தேய்ந்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு, தொடையெலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கி, அதன் உச்சியில் உலோகத்தாலோ செராமிக்காலோ ஆன புதுப் பந்தைப் பொருத்துவார்கள். இடுப்பெலும்புக் குழியில் உலோகக் கிண்ணம், அதற்குள் வழுவழுப்பான உள்ளுறை. பந்தையும் கிண்ணத்தையும் யாரும் ஆணி அடித்து இணைப்பதில்லை. சுற்றியுள்ள தசைகளும் மூட்டுறையும்தான் பிடித்துவைத்திருக்கின்றன. பின்பக்கமாகத் திறக்கும்போது அந்தப் பக்கத்துச் சிறு தசைகளையும் மூட்டுறையையும் வெட்டித் திரும்பத் தைக்கிறார்கள். அது கூடி இறுகும்வரை மூன்று அசைவுகள் ஆகாது: தொடையை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை உட்பக்கமாகத் திருப்புவது, ஒரு காலை மற்றதன்மேல் குறுக்கே கொண்டுபோவது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிச் செருப்பு மாட்டக் குனிந்தால் மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்துவிடும். பந்து நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான், விழுந்து அடிபட்டு அல்ல.

ஆகவே இன்றைக்கே டேப்பை எடுங்கள். அம்மாவை வெறுங்காலோடு நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்புவரை அளங்கள். ஐந்தடி உயரமுள்ளவருக்கு 15, 16 அங்குலம் வரும். அதோடு 2 அங்குலம் கூட்டினால் கிடைப்பதுதான் அவர் உட்காரும் எல்லாவற்றின் உயரம்: நாற்காலி, கட்டில், கமோடு. உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே நிற்கவேண்டும். மெத்தை அமுங்கும் என்பதால் அம்மாவை அதன்மேல் உட்காரவைத்தே அளக்கவேண்டும். ‘உயரமாக இருந்தால் நல்லதுதானே’ என்று 20, 21 அங்குலத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். பாதம் தரையில் படாமல் தொங்கினால், இறங்குவதற்காக முன்னால் சறுக்கி வருவார். அதுவும் விழுவதற்கான வழி.

கைப்பிடி உள்ள, ஆடாத, கெட்டியான நாற்காலி ஒன்று போதும். சோபா, ஈசிசேர், கயிற்றுக் கட்டில், ஊஞ்சல் எதுவும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். கட்டில் தாழ்வாக இருந்தால் தச்சரிடம் சொல்லி, நடுவில் குழி எடுத்த நான்கு மரக்கட்டைகள் செய்து கால்களுக்கு அடியில் வையுங்கள். செங்கல்லை அடுக்காதீர்கள், நழுவும்.

டாய்லெட்தான் உங்கள் வீட்டில் பெரிய வேலை. ஐந்து வாரத்தில் வெஸ்டர்ன் கமோடு வைக்க முடியுமானால் வைத்துவிடுங்கள். அதன்மேல் பொருத்தும் 2 அங்குல அல்லது 4 அங்குல உயர்த்தி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். முடியாவிட்டால் கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கமோடு நாற்காலியை வாங்குங்கள். அதை இந்தியன் டாய்லெட்டின் மேலேயே போடலாம் என்று நினைக்காதீர்கள். பீங்கானைச் சுற்றிய தரை சரிவாக இருக்கும், சில வீடுகளில் மேடையே தனியாக எழும்பியிருக்கும். நான்கு கால்களும் சமமாக நிற்காது. படுக்கையறையில், சுவரோரமாக, அடியில் வாளியோடு போடுவதே பாதுகாப்பு. சங்கடமாகத்தான் இருக்கும், வெஸ்டர்ன் கமோடு வைக்கும்வரைதான். கமோடுக்குப் பக்கத்தில் சுவரில் பிடி போடுவதானால் செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் போல்ட் வேண்டும். துண்டு போடும் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது.

குளியலறைக் கதவின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். வாக்கர் 20 முதல் 24 அங்குல அகலம் இருக்கும். பழைய வீடுகளில் அது நுழையாமல் போவது சகஜம். நிலைப்படி இருந்தால் வாக்கரின் நான்கு கால்களையும் அந்தப் பக்கம் ஊன்றிய பிறகுதான் அம்மா காலெடுத்து வைக்கவேண்டும். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே என்று நின்றால் வாக்கர் சாயும். மிதியடி, மடித்துப் போட்ட சாக்கு, தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புடவையும் முதல் சில வாரம் வேண்டாம்: இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது கொசுவத்தைத் தூக்கிப்பிடிக்க மூன்றாவது கை கிடையாது. கணுக்காலுக்கு மேல் நிற்கிற நைட்டி போதும்.

இனி உடம்பு. சர்க்கரையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பாருங்கள். 8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் தேதியைத் தள்ளிவைப்பார்கள். அது தாமதம் என்று வருந்தாதீர்கள். செயற்கை மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் மாத்திரையால் மட்டும் அதைப் போக்குவது கடினம், திரும்பத் திறக்கவேண்டி வரலாம். அதே காரணத்துக்காக, சொத்தைப் பல் இருந்தால் இப்போதே காட்டுங்கள். நீர்க்கடுப்பு, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், சொறிந்த புண் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இடைப்பட்ட நாளில் வலி தாங்கவில்லை என்று மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளக்கூடாது; அதற்கும் அறுவை சிகிச்சைக்கும் மூன்று மாத இடைவெளி வேண்டும்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல நேரம் அதைத் தொடரவே சொல்வார்கள், குறிப்பாக இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான க்ளோபிடோக்ரெல் என்றால் வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். அதையும் இதய டாக்டர்தான் சொல்லவேண்டும். சர்க்கரை மாத்திரை அட்டையில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி இருக்கும்போது ரத்தத்தில் அமிலம் ஏற்றிவிடும் என்பதால் அவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். மூட்டுவலிக்கு நாட்டு மருந்துப் பொடி ஏதாவது சாப்பிட்டு வந்தால் அதையும் சொல்லியே ஆகவேண்டும். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

வாக்கரை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்கவேண்டும். நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தி உடம்பை லேசாகத் தூக்கி இறக்குவது, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, பின்புறத் தசையை இறுக்குவது, ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை, தினமும் மூன்று வேளை செய்யட்டும்.

முந்தைய வாரம் மெட்டியைக் கழற்றிப் பாருங்கள். வராவிட்டால் அன்று காலையில் வெட்டவேண்டிவரும். கைவிரலில் மருதாணி வேண்டாம், ஆக்சிஜன் அளக்கும் கருவி தடுமாறலாம். காலில் முடியை வீட்டில் பிளேடால் மழிக்கவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடக் கிருமிக்கு வாசல். சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொது வழக்கம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம்தான் கணக்கு. காபி தண்ணீர் அல்ல. பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு.

அன்றைக்கே அல்லது மறுநாளே எழுப்பி நிற்கவைப்பார்கள். பயப்படாதீர்கள், படுத்தே கிடந்தால்தான் ஆபத்து. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழுமாகப் பத்து முறை அசைக்கவேண்டும். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். அதற்காகவே வயிற்றில் போடும் ஊசியோ மாத்திரையோ தருவார்கள். 35 நாள் என்று எழுதியிருந்தால் 35 நாள்தான். ‘நடக்கத்தான் ஆரம்பித்துவிட்டாரே’ என்று பத்தாம் நாள் நிறுத்துவது பல வீடுகளில் நடக்கும் தவறு. வலி மாத்திரையை உடற்பயிற்சிக்கு அரைமணி முன்பு கொடுங்கள்.

வீட்டுக்குக் காரில்தான் வரவேண்டும், முன்சீட்டில். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து, பள்ளமாக இருந்தால் கெட்டியான தலையணை வைத்து, அதன்மேல் வழுக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றை விரியுங்கள். முதலில் பின்புறம், பிறகு இரண்டு காலும் சேர்ந்தாற்போல் உள்ளே. உட்கார்ந்ததும், புறப்படும் முன் உறையை உருவிவிடுங்கள். வாசலில் மூன்று படி: ஏறும்போது நல்ல வலது கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன இடது கால் முதலில். ஒரு பக்கமாவது பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துவிடுங்கள்.

உட்காரும்போது நாற்காலி காலில் படும்வரை பின்னால் வந்து, இடது காலை முன்னால் நீட்டி, கைப்பிடியைப் பிடித்து இறங்கவேண்டும். எழும்போது நாற்காலிக் கைப்பிடியை அழுத்தித்தான் எழவேண்டும். வாக்கரை இழுத்து எழுந்தால் அது நம்மேலேயே கவிழும். திரும்பும்போது காலை ஊன்றிச் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பட்டும். படுக்கும்போது மல்லாந்து, கால்களுக்கு நடுவே தலையணை. கட்டிலின் இடது பக்கமாக இறங்கினால் ஆபரேஷன் கால் குறுக்கே போகாது. ஆறு வாரத்தையொட்டி வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாற்றுவார்கள். தடி வலது கையில், அதாவது எதிர்ப்பக்கக் கையில். இடது இடுப்பு என்றால் இடது கையில் என்று எல்லோருமே முதலில் தப்பாகத்தான் பிடிப்பார்கள்.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று உறவினர்கள் சொல்வார்கள். புண் ஆறுவதற்கே புரதம் வேண்டும், கொடுங்கள். எழுந்து போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரைக் குறைக்கவும் விடாதீர்கள். வலி மாத்திரை ஏற்கெனவே மலச்சிக்கல் தரும். எண்ணெய் போட்டு நீவிவிடுவதோ வர்மமோ அந்தக் காலுக்கு ஆகாது.

முதல் சில வாரம் ‘இந்தக் கால் நீளமாகிவிட்டது’ என்று அம்மா சொல்லக்கூடும். இறுகிப்போன தசைகளால் இடுப்பு சாய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்காமல் செருப்புக்கு அட்டை வைக்கவேண்டாம்.

தரைக்கு வருவோம். மூன்று மாதம் கண்டிப்பாகக் கிடையாது. அதன்பிறகு சம்மணமிடலாமா என்பது பொருத்திய மூட்டையும், அறுவை மேசையில் டாக்டர் அசைத்துப் பார்த்தபோது அது எவ்வளவு உறுதியாக நின்றது என்பதையும் பொறுத்தது. அவரிடமே நேராகக் கேளுங்கள். பலர் சம்மணத்தைவிட மோசமான ஒன்றைக் கவனிப்பதே இல்லை: இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து ஒருக்களித்து உட்காருவது. அதில் ஒரு தொடை நன்றாக மடங்கி உட்பக்கமாகத் திரும்பும். குந்தி உட்காரும் டாய்லெட்டுக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அரிவாள்மணையை மேசைக் கத்திக்கு மாற்றிவிடலாம். கோலம்? நின்றபடி குனிந்தாலும் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கிவிடும், ஆகவே அந்த மூன்று மாதமும் கோலம் உங்கள் பொறுப்பு.

திடீரென்று பொறுக்கமுடியாத வலி வந்து, கால் குட்டையாகி உள்ளே திரும்பியிருந்தால் பந்து நழுவிவிட்டது. யாரும் இழுத்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கவேண்டாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் காயத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ அறுவை செய்த டாக்டரிடமே போங்கள். பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டால் எந்தக் கிருமி என்று பிறகு கண்டுபிடிப்பதே சிரமமாகிவிடும்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் பந்து, கிண்ணம், தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் நிறுவனம், அளவு, வரிசை எண் இருக்கும். 2010-ல் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, தன் உடம்பில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள நோயாளிகளுக்கு அந்த எண்தான் தேவைப்பட்டது. போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.