கண்ணை மூடினாலும் காது கேட்கும்: வி.ஆர். திகில் கேம்கள்: வாசகர் கேள்வி-பதில்

டி.வி.யில் திகில் கேம் ஆடிப் பழகியவன் நான். கண்ணை மூடி மாட்டும் வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட் மாட்டினால் அப்படி என்ன மாறிவிடும்?
– வேளச்சேரி வாசகர்

முதலில் அளவு மாறும். டி.வி.யில் ஒரு சாண் உயரம் தெரிந்த உருவம் ஆளுயரத்துக்கு எதிரே நிற்கும். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். ஆனால் இதைவிடப் பெரிய மாற்றம் கையில் இருக்கிறது.

2020-ல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' கேமில் ஜெஃப் என்றொரு உருவம் வரும். கண் தெரியாது, காது மட்டும் படுகூர்மை. அந்த இடத்தில் காற்றில் மிதக்கும் தூளைச் சுவாசித்தால் இருமல் வரும், இருமினால் அது உங்களை நோக்கி வந்துவிடும். இருமாமல் இருக்க, கன்ட்ரோலர் பிடித்த கையை நிஜமாகவே வாய்க்கு நேரே கொண்டுபோய்ப் பொத்த வேண்டும். மிச்சமிருக்கும் ஒரே கையால் அலமாரியைத் திறந்தால் உள்ளே இருந்து பாட்டில் சரிகிறது. அதைப் பிடிக்க வாயிலிருக்கும் கையை எடுப்பதா, வேண்டாமா? எதுவும் 'பே' என்று முகத்தில் பாயவில்லை, ஆனாலும் உள்ளங்கை வியர்த்துவிடும். வி.ஆர். திகிலின் உண்மையான பலம் இதுதான்: பயம் உங்கள் உடம்பின் வேலையாகிவிடுகிறது.

பத்து நிமிடம் ஆடினாலே குமட்டுகிறது. பழகப் பழகச் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?
– பெரம்பூர் வாசகி

பாதி உண்மை. குமட்டலைப் பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகாது. பலருக்கு ஹெட்செட்டைப் பார்த்தாலே வயிறு புரட்டும் நிலைதான் வரும். நடக்கிறோம் என்று கண் சொல்கிறது, நிற்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம். அதனால் குறைக்க வேண்டியது அந்த முரண்பாட்டை.

முதலில் லென்ஸ். கண்ணாடி முன் நின்று மில்லிமீட்டர் ஸ்கேலால் இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். லென்ஸ்களின் இடைவெளியும் அதே அளவில் இருக்க வேண்டும். மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட்டான குவெஸ்ட் 3-ல் இதற்கென்றே ஒரு சக்கரம் உண்டு. குவெஸ்ட் 3எஸ்-ல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். உங்கள் அளவுக்கு அருகில் உள்ளதை வையுங்கள். பின்பட்டை, பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே உட்கார வேண்டும். மேலே ஏறினால் ஹெட்செட் முன்பக்கம் சரிந்து படம் மங்கும்.

அடுத்து கேமின் செட்டிங்ஸ். திரும்புவதற்குச் சட்டென்று படிப்படியாகத் திருப்பும் 'ஸ்நாப் டர்ன்' 30 அல்லது 45 டிகிரி, நகர்வதற்கு நடக்காமல் குறித்த இடத்துக்குத் தாவும் 'டெலிபோர்ட்', ஓரங்களை இருட்டாக்கும் 'விக்னெட்' முழு அளவில். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்ப வேண்டியபோது உடம்போடு திரும்புங்கள். கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் நிழல், ரெசல்யூஷன் இரண்டையும் குறைத்தாவது ஃபிரேம் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 72 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படமும் 14 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். அது தவறும்போதெல்லாம் தலை கிறுகிறுக்கும். வைஃபையில் ஆடினால் கம்ப்யூட்டரை ரூட்டரோடு கேபிளால் இணையுங்கள்; ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில், ரூட்டர் அதே அறையில்.

முகத்துக்கு நேரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். குளிர்ச்சி ஒரு பக்கம், எந்தத் திசையில் நிற்கிறோம் என்ற உணர்வும் விட்டுப்போகாது. வாயில் எச்சில் ஊறினாலோ நெற்றி சுட்டாலோ அந்த நொடியே கழற்றிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். விக்னெட் போட்டால் ஓரக்கண்ணில் நகரும் நிழல் தெரியாது. திகில் கேமுக்கு அது பெரிய இழப்பு. ஆகவே முழுதாக வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

ரிச்சி தெருவில் செல்போனைச் செருகும் வி.ஆர். பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே, போதாதா?
– சைதாப்பேட்டை வாசகர்

போதாது. தலை திரும்புவதைத்தான் அது அறியும், முன்னே குனிவதையோ நகர்வதையோ அறியாது. நீங்கள் எட்டிப் பார்த்தால் உலகமே கூட வரும். குமட்டலுக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

எங்கள் வீட்டு ஹால் சின்னது. இருட்டாக்கி ஆடலாம் என்றிருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?
– மடிப்பாக்கம் வாசகர்

இருட்டாக்காதீர்கள். ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் நீங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகின்றன. வெளிச்சம் குறைந்தால் கேமில் உங்கள் கை மிதந்து போகும். திகிலுக்கான இருட்டை ஹெட்செட்டே தரும், அறையில் ஒரு விளக்கு எரியட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கின் மினுக்கல் கேமராக்களைக் குழப்பாமலிருக்க, குவெஸ்ட் செட்டிங்ஸில் டிராக்கிங் ஃப்ரீக்வென்ஸியையும் 50-ல் வையுங்கள். பீரோ கண்ணாடியின் பிரதிபலிப்பும் கேமராக்களைக் குழப்பும், துணியால் மூடுங்கள்.

நடமாடி ஆட 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் வேண்டும். ஹெட்செட்டில் பார்த்துத் தரையில் வரையும் எல்லைக்கோடு உச்சியில் சுற்றும் சீலிங் ஃபேனை எச்சரிக்காது. ஏணி ஏறக் கையை உயர்த்தும்போது அடிபடும். ஃபேனுக்கு நேர் கீழே நிற்காதீர்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.

ஏ.சி. அறையில் குளிர்ந்த லென்ஸை வெளியே கொண்டுவந்தால் பனி படியும். சில நிமிடம் விட்டுவைத்து உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் வேண்டாம். பால்கனி வெயிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து உள்ளே திரையைக் கருக்கிவிடும்.

பல கேம்கள் ஏன் ஒரே மாதிரி முகத்தில் பாய்ந்தே பயமுறுத்துகின்றன?
– அண்ணா நகர் வாசகர்

டி.வி. கேமில் முக்கியமான காட்சியில் கேமரா, கேமை உருவாக்கியவர்கள் கையில். வி.ஆரில் அது உங்கள் கழுத்தில். நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் கதவோரக் காட்சி வீண். ஒளியையும் ஒலியையும் வைத்து உங்களைத் திரும்ப வைக்கத் தெரியாதவர்கள் முகத்தில் பாய வைக்கிறார்கள். நான்காவது முறை அது வெறும் எரிச்சல்.

இன்னொரு குறை, எதிர்ப்பு விசை. பிணத்தைத் தள்ளினால் கை ஊடுருவிப் போகும், பயமும் அதோடு போய்விடும். 2017-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 7'-ஐ முழுதாக வி.ஆரில் ஆடலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் கேம்பேடில்தான் ஆட வேண்டும். கை உங்களுடையதாக இருக்காது. 2021-ல் குவெஸ்ட் 2-க்கு வந்த அதே தொடரின் நான்காம் பாகத்தில் கை உங்களுடையது, கதைக்காட்சிகளோ தட்டைத் திரையில் ஓடும். இரண்டில் எங்கள் ஓட்டு பின்னதற்கே.

எட்டு வயதுப் பையன் கேட்கிறான். கொடுக்கலாமா?
– தாம்பரம் வாசகி

வேண்டாம். குவெஸ்ட்டுக்கே குறைந்தபட்ச வயது 10, சோனி பிளேஸ்டேஷனின் ஹெட்செட்டான பி.எஸ்.வி.ஆர்.2-க்கு 12. திகில் கேம்களில் பல 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. பெரியவர்கள் ஆடும்போது காட்சியை டி.வி.க்கு காஸ்ட் செய்து பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. கூப்பிட வேண்டுமென்றால் முதலில் குரல் கொடுங்கள், தோளைத் தொடாதீர்கள். வீசும் கையில் கன்ட்ரோலர் இருக்கும்.