வாசகர் கேள்வி – எங்கள் பதில்: ஊர் அருங்காட்சியகத்தின் ஆவண அறை

கேள்வி: எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு ஒரு குடும்பத்தார் பழைய டிரங்குப் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டார்கள். கடிதம், கணக்கு நோட்டு, ரசீது, போட்டோ எல்லாம் கலந்து கிடக்கிறது. ரகவாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாமா?

பதில்: பிரித்துவிடாதீர்கள். கணக்கு நோட்டின் நடுவே ஒரு கடிதம் செருகியிருந்தால், அந்தப் பக்கத்துக் கடனுக்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம். கடிதங்களைத் தனிக் கட்டாகக் கட்டிய நிமிடமே அந்தத் தடயம் அழிந்துவிடும். மூடி திறந்த கோலத்தில் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருந்த வரிசையிலேயே எண் போடுங்கள். 2025.14.3 என்றால் 2025-இல் வந்த 14-ஆவது நன்கொடையின் 3-ஆவது பொருள். தாளைக் கெட்டியான பலகைமேல் வைத்து, பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் மெல்ல எழுதினால் போதும். பால்பாயின்ட் பேனா மறுபக்கம் புடைக்கும். மையும் நாளடைவில் ஊறித் தெரியும்.

பதிவேட்டை அன்றே எழுதுங்கள். பெட்டி யாருடையது, கொடுத்தவருக்கு எப்படி வந்தது, படத்தில் இருப்பவர்கள் யார் என்பதை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ‘அப்புறம் போன் போட்டுக் கேட்டுக்கலாம்’ என்று விட்டவைதான் பெயர் தெரியாத படங்களாக அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. நன்கொடையா, இரவலா என்று படிவத்தில் எழுதி இரண்டு பிரதிகளில் கையெழுத்து வாங்குங்கள். கால வரம்பில்லாத இரவல் வேண்டவே வேண்டாம். கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகளுடன் வழக்காகும். கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் அதை அச்சிடும் உரிமை, பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, எழுதியவருடையது அல்லது அவர் வாரிசுகளுடையது. அதற்கும் படிவத்தில் தனி வரி வேண்டும்.

பிறகுதான் சுத்தம். துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே பாலியெஸ்டர் (துணியல்ல, தெளிவான மெல்லிய பிளாஸ்டிக்) தாளின் நறுக்கு ஒன்றைச் செருகி, அதன்மேல் வழுக்கியபடி ஊசியை உருவுங்கள். ரப்பர் பேண்டுகளை அகற்றிவிடுங்கள். அவை இளகித் தாளில் ஒட்டும். அவற்றிலுள்ள கந்தகம் போட்டோவைக் கெடுக்கும். செய்தித்தாள் நறுக்குகளின் அமிலம் பக்கத்திலிருக்கும் தாளையும் பழுப்பாக்கும் என்பதால் அவற்றை மட்டும் தனி உறையில் போட்டு, இருந்த இடத்தில் எண் எழுதிய சீட்டு ஒன்றை வையுங்கள்.

கேள்வி: நைந்த பத்திரங்களை லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடாது. சூட்டில் உருகிய பிசின் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. மூன்று பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறை போதும். பிவிசி என்னும் பிளாஸ்டிக்கில் செய்த உறையை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பத்தில் போட்டோக்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எப்படி எடுப்பது?

பதில்: எடுப்பதற்கு முன் பக்கத்தை முழுதாகப் படம் பிடியுங்கள், ஓரத்துக் குறிப்புகளும் தெரிய வேண்டும். பிறகு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் படத்தின் அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இரு கையாலும் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். படம் வளையத் தொடங்கினால் நிறுத்திவிட்டு அடுத்த மூலையில் முயலுங்கள். நான்கு மூலையிலும் வராவிட்டால் அட்டையை அந்த அளவுக்கு வெட்டிப் படத்தோடு வைத்துக்கொள்வதே மேல். போட்டோவுக்கு நைட்ரைல் (மெல்லிய செயற்கை ரப்பர்) கையுறை போடுங்கள். சாதாரணத் தாளுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. துணிக் கையுறையோடு புரட்டினால் விளிம்பு தெரியாமல் கிழிப்பீர்கள்.

கேள்வி: பூச்சிக்குப் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறோம். சரிதானே?

பதில்: எடுத்துவிடுங்கள். அந்த ஆவி அறையில் வேலை செய்பவர்களுக்குக் கெடுதல். தாளுக்குள் இருக்கும் முட்டையையும் நம்பகமாகக் கொல்லாது. பூச்சி அரித்த தாள்கட்டைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடித் தகட்டில் எடுத்த பழைய போட்டோ நெகட்டிவுக்கு இந்த வைத்தியம் ஆகாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே அலமாரியை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தபின் மூலத்தைக் கழித்துவிடலாமா? இடமே இல்லை.

பதில்: ஸ்கேன் என்பது பார்வைக்கான நகல், மூலத்தின் இடத்தை அது பிடிக்காது. பின்பக்க முத்திரை, தாளின் நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் அடையாளம்) எல்லாம் அதில் விடுபடும். ஸ்கேன் செய்யும்போது போட்டோவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), எழுத்துத் தாளுக்கு 300 முதல் 400. மூலக் கோப்பு டிஃப் (TIFF) வடிவில், பார்வைக்கு ஜேபெக் (JPEG). 4-க்கு 6 அங்குல வண்ணப் படம் ஒன்று 600 டிபிஐயில் சுமார் 26 எம்பி ஆகும். ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வட்டு வாங்குங்கள். கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணாகவே இருக்கட்டும். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில்.

கேள்வி: முதியவர்களின் பேச்சைப் பதிந்த கேசட்டுகள் இருக்கின்றன. முதலில் என்ன செய்வது?

பதில்: கேசட்டின் மேல் விளிம்பில் இரு மூலையிலும் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அப்போது யாராவது தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. கணினிக்கு மாற்றும்போது எம்பி3 வேண்டாம், வேவ் (WAV) வடிவில் எடுங்கள். பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி.

கேள்வி: கூரை ஒழுகி ஒரு பெட்டி நனைந்துவிட்டால்?

பதில்: 48 மணி நேரத்துக்குள் உலரவைக்கவோ உறையவைக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. வெயிலும் ஹேர் டிரையரும் தாளைச் சுருட்டிவிடும். அச்சில்லாத உறிஞ்சு தாளை இடையிடையே வைத்து மின்விசிறிக் காற்று நேரடியாகப் படாமல் உலர்த்துங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்களை உலர விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தாமாகப் பிரிந்ததும் முகம் மேலே இருக்கும்படி பரப்புங்கள்.