கணினிச் சந்தேகங்கள்: தொடக்கத்திலேயே உறையும் லினக்ஸ்

கேள்வி: யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய ஏற்பாடு) முறையில் லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். கிரப் (லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்) பட்டியல் வருகிறது. என்டர் தட்டியதும் நாலைந்து வரி ஓடி உறைந்துவிடுகிறது. அதே கணினியில் பழைய பயாஸ் முறையில் நிறுவினால் ஒரு தொல்லையும் இல்லை. ரேம் பழுதாக இருக்குமோ?

பதில்: ரேம் பழுது என்றால் இரண்டு முறையிலும் தலைகாட்டியிருக்கும். யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் விழுகிறது என்பதால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபர்ம்வேரின் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ரன்டைம் சேவைகளை.

கணினி கெர்னலின் (லினக்ஸின் மையநிரல்) கைக்கு வந்ததும் ஃபர்ம்வேரின் பூட் சேவைகள் முடிந்துவிடும். ரன்டைம் சேவைகள் மட்டும் நினைவகத்திலேயே தங்கும். பூட் வேரியபிள்களை (எதிலிருந்து தொடங்குவது என்பது போல ஃபர்ம்வேர் நினைவில் வைக்கும் அமைப்புகள்) படிக்கவும் எழுதவும், கணினியை ரீசெட் செய்யவும் கெர்னல் அவற்றைக் கூப்பிடும். அதற்காகத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை, அவற்றுக்கான புதிய மெய்நிகர் முகவரிகளை ஃபர்ம்வேருக்குச் சொல்லிவிடும். அரைகுறையாக எழுதப்பட்ட ஃபர்ம்வேர் அதற்குப் பிறகும் பழைய முகவரியையோ, பூட் சேவைகள் விட்டுப்போன இடத்தையோ தொடும். உடனே பேஜ் ஃபால்ட், அதாவது தொட்ட முகவரியை அணுக முடியாத பிழை. ஓடுவது ஃபர்ம்வேரின் நிரல்தான். ஆனால் கெர்னலுக்குரிய அதிகாரத்தோடு ஓடுவதால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது.

சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கிரப் பட்டியலில் 'இ' விசையைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'இஎஃப்ஐ=நோரன்டைம்' என்று சேருங்கள் (ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவே இடைவெளி இல்லாமல்). பிறகு கன்ட்ரோல்-எக்ஸ். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. கணினி இப்போது ஏறிவிட்டால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. ஏறாவிட்டால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள்.

உடனே அதை நிரந்தரமாக்கிவிட வேண்டாம். முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். கெர்னல் பழசென்றால் அதையும் மாற்றுங்கள். 4.20 முதல் கெர்னல், 64 பிட் எக்ஸ்86 கணினிகளில் இப்படிப்பட்ட பேஜ் ஃபால்ட்டைப் பிடித்து, ரன்டைம் சேவைகளைத் தானே முடக்கிவிட்டு மேலே ஓடப் பார்க்கும். அப்போது கெர்னல் பதிவில் 'ஃபர்ம்வேர் பக்' என்ற வரி இருக்கும். இரண்டும் பலிக்காதபோதுதான் நோரன்டைம் விருப்பத்தைக் கிரப் அமைப்புக் கோப்பில் எழுதி, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: நோரன்டைம் போட்ட பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (பூட் பதிவுகளை மாற்றும் கட்டளை) 'வேரியபிள்களுக்கு ஆதரவில்லை' என்கிறது. கிரப்பை மறுபடி நிறுவவும் முடியவில்லை.

பதில்: வேரியபிள்களுக்கான வழியே ரன்டைம் சேவைகள்தான், அதை அடைத்தாயிற்று. கிரப்-இன்ஸ்டால் கட்டளையோடு 'ரிமூவபிள்' விருப்பத்தைச் சேருங்கள். அப்போது அது இஎஃப்ஐ பகிர்வில், பூட் கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் பதியும். பூட் பதிவு எதுவும் இல்லாதபோதும் ஃபர்ம்வேர் தேடிப்போகும் இடம் அதுதான். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடும் காவல்) இயங்கினால் அந்தப் பெயரில் ஷிம் (ஃபர்ம்வேர் நம்பும் கையொப்பத்தோடு வந்து கிரப்பை ஏற்றும் சிறு நிரல்) இருக்க வேண்டும். கையொப்பமிட்ட கிரப் அதே கோப்புறையில் பக்கத்தில் இருக்க வேண்டும். கிரப்பை மட்டும் வைத்தால் ஃபர்ம்வேர் மறுத்துவிடும். லினக்ஸுக்குள்ளிருந்தே ஃபர்ம்வேர் புதுப்பிப்பதும் நடக்காது. யூஎஸ்பி மூலம் ஃபர்ம்வேர் திரையிலிருந்து செய்யுங்கள். எக்ஸ்86 கணினியில் கடிகாரத்துக்குக் கவலை இல்லை, கெர்னல் அதை நேராகவே படிக்கும்.

கேள்வி: தொடக்கம் சரி; ரீபூட் கொடுத்தால்தான் தொங்குகிறது.

பதில்: கிரப்பில் அதே 'லினக்ஸ்' வரியின் கடைசியில் 'ரீபூட்=பிசிஐ' அல்லது 'ரீபூட்=ஏசிபிஐ' சேருங்கள். இரண்டில் எது வேலை செய்கிறதோ அதை வையுங்கள்.

கேள்வி: பூட் பதிவு சேர்க்கும்போது 'இடமில்லை' என்று வருகிறது. வேரியபிள் கோப்புறையை மொத்தமாக அழித்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அப்படி அழித்து, திரும்ப உயிர்பெறாமலே போன மதர்போர்டுகள் உண்டு. கெர்னல் 4.5-க்குப் பிறகு பெரும்பாலான வேரியபிள்கள் பூட்டுப் போட்டே இருப்பதற்குக் காரணமும் இதுதான். இடத்தை அடைப்பவை பெரும்பாலும் 'டம்ப்-டைப்0' என்று தொடங்கும் கோப்புகள்: முன்பு கெர்னல் விழுந்தபோது எழுதி வைத்த பதிவுகள். பிஸ்டோர் (அந்தப் பதிவுகளைக் கெர்னல் காட்டும் இடம்) கோப்புறையில் படித்துவிட்டு, அவற்றை மட்டும் அழியுங்கள். அழித்த கையோடு இடம் கிடைக்காமலும் போகலாம். சில ஃபர்ம்வேர்கள் அடுத்த ரீபூட்டில்தான் குப்பையைக் கூட்டும்.