ஆசிரியை 'மிஸ்சிவஸ்' என்று எழுதினால் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஏழு வயது மகனை 'கொஞ்சம் மிஸ்சிவஸ்' (mischievous) என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் 'தீங்கு விளைவிக்கிற' என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ அதன் பெயர்ச்சொல்லான மிஸ்சீஃப் (mischief) என்றால் கனடாவில் போலீஸ் கேஸ் என்று கிலி மூட்டிவிட்டார். பள்ளிக்குப் போய் மன்னிப்புக் கேட்கவா என்கிறீர்கள்.

வேண்டவே வேண்டாம். அவர் சொன்னது நம்முடைய 'வாலுப் பையன்' தான். பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல்லில் பாதி செல்லம். கவலைப்பட வேண்டிய சொல் வேறு: 'டிஸ்ரப்டிவ்'. மற்றப் பிள்ளைகளைப் படிக்க விடவில்லை என்று அர்த்தம். அது வந்தால் உடனே போய்ப் பேசுங்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யில்லை. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 430ஆம் பிரிவின் பெயரே மிஸ்சீஃப்தான். பிறர் சொத்தை வேண்டுமென்றே உடைப்பது, பயன்படுத்த விடாமல் தடுப்பது எல்லாம் அதில் அடங்கும். 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை மேல் இங்கே குற்றவழக்கே போட முடியாது, அதனால் உங்கள் மகனுக்கு அந்தப் பயம் இல்லை! பழைய பிரெஞ்சில் இருந்து வந்தபோது இந்தச் சொல்லுக்குக் கேடு, துன்பம் என்றுதான் பொருள். பேச்சில் நாளாக நாளாகக் குறும்பாக இளகிவிட்டது. சட்டமும் நம் அகராதிகளும் பழைய பொருளை விடவில்லை.

நான் இங்கே வந்த இரண்டாம் வருடம். மகன் லிஃப்டில் எல்லாத் தளத்துப் பொத்தான்களையும் ஒரே மூச்சில் அமுக்கிவிட்டு ஓடிவிட்டான். நல்ல பிள்ளையாட்டம் நானே கட்டடப் பராமரிப்பாளரிடம் போய், 'என் மகன் லிஃப்டில் மிஸ்சீஃப் செய்துவிட்டான்' என்றேன். மனிதர் முகம் மாறியது. நோட்டை எடுத்து 'எது உடைந்தது?' என்று கேட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. 'பொத்தானை அமுக்கினானா? அவ்வளவுதானா?' என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது, 'ஹி வாஸ் பீயிங் சில்லி', அதாவது விளையாட்டுத்தனமாக ஏதோ செய்துவிட்டான் என்று சொல்லியிருந்தால் போதும். எங்கேயாவது படிவத்தில், புகாரில் எழுதுவதானால் மிஸ்சீஃப் என்ற சொல்லைத் தொடாமல், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

அப்புறம் 'நாட்டி' (naughty), குறும்புக்கு இன்னொரு சொல். குழந்தைக்குச் சரி. வேலை இடத்தில் பெரியவர்களைப் பார்த்து விளையாட்டாகக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அதற்குப் படுக்கையறை வாடை உண்டு. குறும்பாகச் சிரிக்கிற சக ஊழியரைச் சொல்ல வேண்டுமானால் மிஸ்சிவஸ் போதும். உச்சரிப்பு மிஸ்-சி-வஸ், அழுத்தம் முதல் அசையில். இங்கே பிறந்தவர்களே பலர் 'மிஸ்சீவியஸ்' என்கிறார்கள், அதைப் பார்த்து எழுதினால் எழுத்துப்பிழை ஆகிவிடும்.

ஆசிரியைக்கு ஒரு வரி பதில் போடுங்கள்: 'நன்றி, இந்த முறை என்ன செய்தான்?' எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.