வாய்ஸ் கேட்வே வழியாக ஃபேக்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு பக்கம் ஒழுங்காகப் போகிறது. ஆறேழு பக்கம் வைத்தால் மூன்றாவதில் அறுந்துவிடுகிறது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கம்பெனிகளின் இ1 (டிஜிட்டல் டெலிபோன்) லைன், டெலிபோனை ஐபி நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரே கேட்வேயில் இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. கிளாக், அதாவது லைனில் தரவு ஓடும் தாளத்தை வைக்கும் கடிகாரம்! இ1-இல் நொடிக்கு 8,000 ஃபிரேம் (தரவுத் துண்டு) ஓடுகிறது. கேட்வேயின் கிளாக்கும் லைன் தருபவரின் கிளாக்கும் இம்மி விலகினாலும் அவ்வப்போது ஒரு ஃபிரேம் விழும், அல்லது இரட்டிக்கும். அதுதான் ஸ்லிப். 125 மைக்ரோ நொடி விட்டுப்போவது பேசுகிறவர் காதுக்குத் தெரியாது. ஃபேக்ஸ் மோடத்துக்கு அங்கேயே பிடி நழுவிவிடும். சின்ன ஃபேக்ஸ் இரண்டு ஸ்லிப்புக்கு நடுவே தப்பிக்கிறது, பெரியது மாட்டிக்கொள்கிறது.

கேட்வேயின் ஸ்லிப் கவுன்ட்டரை கிளியர் செய்து கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஸ்லிப் பூஜ்யமாக இருக்க வேண்டும். ‘ஒன்றிரண்டுதானே’ என்று விடாதீர்கள். கிளாக்கை லைனிலிருந்து எடுங்கள். பல கேட்வேகளால் ஒரு லைனின் கிளாக்கைத்தான் பின்பற்ற முடியும். அப்படியானால் ஃபேக்ஸை அந்த லைனில் மட்டும் விடுங்கள்.

கேள்வி: ஜி.729-இல் ஃபேக்ஸ் போகவே இல்லை, ஏன்?

பதில்: போகாது. நொடிக்கு 8 கிலோபிட்டுக்குள் மனிதக் குரலை அடக்கச் செய்த கோடெக் (ஒலியை எண்களாக்கும் முறை) அது. மோடம் ஒலி அதில் சிதைந்துவிடும். ஃபேக்ஸை ஒலியாக அல்லாமல் தரவாகவே பாக்கெட்டில் அனுப்பும் டி.38 போடுங்கள், இல்லையென்றால் ஒலியை அப்படி இறுக்கிச் சுருக்காத கோடெக்கான ஜி.711.

கேள்வி: பழைய மெஷின் நன்றாகப் போனது. புதிது வாங்கியதிலிருந்து தொல்லை.

பதில்: புதியது சூப்பர் ஜி3-ஆக இருக்கும், நொடிக்கு 33,600 பிட் வேகம். பழைய டி.38 கேட்வேக்கு அந்த வேகத்துக்கான வி.34 மோடம் முறை புரியாது. மெஷின் மெனுவில் சூப்பர் ஜி3-ஐ அணைத்து 14,400-க்கு இறக்குங்கள். ஸ்லிப்பையும் பாருங்கள்.

கேள்வி: மெஷின் இரண்டு இரண்டு தாளாக இழுக்கிறது.

பதில்: அது ரோலர் கோளாறு. சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அண்ணா, இசிஎம்-ஐ (ஃபேக்ஸில் பிழை திருத்தும் வசதி) ஆஃப் செய்தேன், எல்லா ஃபேக்ஸும் போகிறது. இதை விட்டுவிட்டு கிளாக், கிளாக் என்கிறீர்களே?

பதில்: தம்பி, போகிறது சரி, என்னவாகப் போய்ச் சேர்கிறது? இசிஎம் இருந்தால் கெட்ட ஃபிரேமை (இது இ1 ஃபிரேம் அல்ல, பக்கத்தின் தரவுத் துண்டு) மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கும். அணைத்தால் கெட்ட வரி கெட்டதாகவே வரும். பல மெஷின்கள் மேல் வரியையே நகலெடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒரு மருத்துவமனையில் நான் கையில் வாங்கிப் பார்த்த லேப் ரிப்போர்ட்டில் 2.5 என்பது 25 ஆகியிருந்தது. எண்களின் அடி லேசாக மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். சாதாரண ரெசல்யூஷனில் மில்லிமீட்டருக்கு 3.85 வரி, புள்ளி என்பதே இரண்டு வரி, அவை கெட்டால் புள்ளியே மறைந்துவிடும். அனுப்பியவர் கையில் ‘ஓகே’ சீட்டு இருந்தது.

கேள்வி: குறுக்கிடுகிறேன். இசிஎம் இல்லாவிட்டாலும் பக்கம் மோசமென்றால் வாங்கும் மெஷின் ஆர்டிஎன் (‘பக்கம் சரியில்லை’ என்ற சிக்னல்) அனுப்புமே?

பதில்: அனுப்பும். ஆனால் எத்தனை வரி கெட்டால் மோசம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். அந்த அளவுக்குக் கீழே இருந்தால் எம்சிஎஃப்தான், அதாவது ‘நல்லபடி வந்தது’. நான் சொன்ன லேப் ரிப்போர்ட்டும் அப்படித்தான் தேறியது. சோதனைக்கு அரை மணி நேரம் இசிஎம்-ஐ அணையுங்கள், நானும் அணைப்பேன். அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தொல்லைக்குக் காரணம் நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைவது என்றால் டி.38-இல் ரிடன்டன்சியைக் கூட்டுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் முந்தையதையும் சுமந்து வரும்.

கேள்வி: டி.38-க்கு மாறும்போது எதிர்ப்பக்கம் 488 (‘இங்கே ஏற்க முடியாது’ என்ற பதில்) தருகிறது.

பதில்: அவர்கள் டி.38 ஏற்கவில்லை. ஃபால்பேக்கில் (மாற்று வழியில்) ஜி.711 வையுங்கள், மௌனத்தில் பாக்கெட் அனுப்புவதை நிறுத்தும் விஏடி-ஐ அணையுங்கள்.

கேள்வி: சார், பத்துப் பக்கம் அனுப்பினால் பாதியில் கட் ஆகிறது. குரல் நன்றாக இருக்கிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஸ்லிப் எண்ணிக்கையோடு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.